விரிவாக்க டிராஃப்ட் வந்தால் யாரை விற்பது? என்.ஹெச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஐஸ் ஹாக்கியில் புது அணி வந்தால் பழைய அணி எத்தனை பேரைக் காப்பாற்றலாம்?

பதில்: விரிவாக்க டிராஃப்டில் புது அணி பழைய அணிகளிலிருந்து தலா ஒருவரை எடுத்துக்கொள்ளும்; பழைய அணி தன் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தவரைத் தொட முடியாது. புது அணியாக 2017-இல் வேகஸ், 2021-இல் சியாட்டில் வந்தன, இரண்டுக்கும் ஒரே கணக்கு. 7 ஃபார்வர்ட் (முன்வரிசை), 3 டிஃபென்ஸ் (தடுப்பாளர்), 1 கோலி (கோல் காப்பவர்). இல்லையேல் எந்த இடத்தில் ஆடுபவரானாலும் 8 பேர், கூட 1 கோலி. தொழில்முறையில் முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, பட்டியலில் இடம் தராமலே அவர்கள் தப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் 'நோ மூவ்' ஷரத்து (சம்மதமில்லாமல் வேறு அணிக்கு அனுப்பக் கூடாது) உள்ளவருக்குக் கட்டாயம் இடம் ஒதுக்கணும். அவராக அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அணி தப்பலாம். 2017-இல் பிட்ஸ்பர்க் கோலி ஃப்ளூரி அப்படி விட்டுக்கொடுத்தார்.

கேள்வி: நல்ல டிஃபென்ஸ் நாலு பேர் இருந்தால் நாலாமவரை விற்றுவிடலாமா?

பதில்: 8 பேர் வழியில் நாலு பேரும் தங்குவார்கள், ஆனால் ஃபார்வர்டில் நாலு பேருக்குத்தான் இடம். அந்த இழப்பு பெரிதென்றால் விற்கலாம். வாங்குபவர் பட்டியலிலும் காலி இடம் இருக்கணும், அதனால் சந்தை சின்னது, விலையும் இறங்கும். கொலராடோ தன் டிஃபென்ஸ் ரயன் கிரேவ்ஸை 2021 ஜூலை 15-இல், பட்டியல் கொடுக்க இரண்டே நாள் இருக்கும்போது, நியூஜெர்சிக்கு விற்றது. கிடைத்தது மால்ட்செவ் என்ற ஆட்டக்காரரும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் (இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர டிராஃப்டில் ஒரு முறை தேர்வு செய்யும் உரிமை). அப்படியும் கொலராடோவின் டான்ஸ்கோயை சியாட்டில் தூக்கிக்கொண்டது. ஒருவர் எப்படியும் போவார், அதற்காகப் பதறக் கூடாது.

கேள்வி: பதிலுக்கு என்ன கேட்கணும் சார்?

பதில்: பிக் அல்லது விலக்கு உள்ள இளைஞர். டாம்பா 2017 ஜூனில் ட்ரூவாங்கை மாண்ட்ரியலுக்குக் கொடுத்து செர்காச்சேவை வாங்கியது. முன்னவருக்குப் பட்டியலில் இடம் வேணும், பின்னவருக்கு வேண்டாம். ஒரே டிரேடில் ஓர் இடம் மிச்சம்.

கேள்வி: இருப்பவர்களை எல்லாம் விற்றுவிட்டால்?

பதில்: மாட்டிக்கொள்வீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள 2 ஃபார்வர்ட், 1 டிஃபென்ஸாவது பாதுகாப்பில்லாமல் நிற்கணும். 2017-இல் அவர்கள் அந்த சீசனில் 40 ஆட்டமோ, இரு சீசனில் 70 ஆட்டமோ ஆடியிருக்கணும். சீசன் சுருங்கியதால் 2021-இல் அது 27, 54 ஆனது. ஒரு கோலியும் வெளியே இருக்கணும். கடைசி வரிசை ஆட்டக்காரரைத் தூக்கிக் கொடுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: புது அணிக்கே ஏதாவது கொடுத்து 'இவரைத் தொடாதே' எனலாமா?

பதில்: வேகஸிடம் பலர் செய்தார்கள், பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஃப்ளோரிடா மோசம்: முந்தைய சீசனில் 30 கோல் அடித்த மார்ஷெஸோவைப் பாதுகாக்காமல் விட்டு, ரைலி ஸ்மித்தையும் ஒரு நாலாம் சுற்று பிக்குக்குத் தள்ளிவிட்டது. கொலம்பஸ் முதல் சுற்று பிக் ஒன்றும் இரண்டாம் சுற்று பிக் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தது. போன வில்லியம் கார்ல்சன் அடுத்த சீசனில் 43 கோல். ஃப்ளோரிடாவுடையது ஒருவரை இழப்பதை இருவராக்கிய கதை.

கேள்வி: டொராண்டோ மெக்கானை வாங்கியது எதற்கு?

பதில்: கேடயமாக. 2021 ஜூலை 17-இல் பிட்ஸ்பர்கிடம் ஹலாண்டரையும் ஏழாம் சுற்று பிக்கையும் கொடுத்து வாங்கி, பாதுகாக்காமல் விட்டது. சியாட்டில் அவரை எடுத்ததால் டொராண்டோவின் கெர்ஃபுட் தங்கினார். மெக்கான் 2022-23-இல் 40 கோல் அடித்தார். திட்டம் பலித்தது, ஆளைத்தான் தப்பாக மதிப்பிட்டார்கள்.

கேள்வி: பட்டியல் கொடுத்த பிறகு டிரேட் உண்டா?

பதில்: பழைய அணிகளுக்குள் கிடையாது, டிராஃப்ட் முடியும்வரை தடை. புது அணியோடு மட்டும் பேசலாம்.