எலானோ: பெரும் பெயர்களுக்கு நடுவே ஓர் ஆட்டக்காரர் (கேள்வி பதில்)

பிரேசில் அணியின் முன்னாள் நடுக்கள ஆட்டக்காரரும், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டிகளின் முதல் இரண்டு பருவங்களில் சென்னையின் எஃப்.சி. அணிக்காக ஆடியவருமான எலானோ புளூமரைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 33. உண்மையிலேயே அவர் பெரிய ஆட்டக்காரரா, அல்லது பிரேசில் என்ற பெயருக்காக அழைத்து வரப்பட்டவரா?

பிரேசில் தேசிய அணிக்காக 50 ஆட்டங்களில் ஆடி 9 கோல்கள் அடித்தவர். தென் அமெரிக்க நாடுகளுக்கான 2007 கோப்பா அமெரிக்கா, கண்டங்களின் வெற்றி அணிகள் மோதும் 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை ஆகிய இரண்டையும் வென்ற அணிகளில் இடம்பெற்றவர். 2010 உலகக் கோப்பையில் ஆடிய இரண்டே ஆட்டங்களிலும் கோல் அடித்தவர். வெறும் பெயருக்காக அழைக்கப்பட்டவர் என்று இப்படிப்பட்ட ஒருவரைச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ரொபின்யோ, காக்கா, நெய்மார் என எப்போதும் தம்மைவிடப் புகழ் பெற்றவர்களுக்குப் பக்கத்திலேயே ஆடியதால், அவரது பங்கு மக்கள் கண்ணில் குறைவாகவே பட்டது.

கேள்வி: பிரேசிலின் சான்டோஸ் கழக அணியில் அவரது தொடக்கம் எப்படி இருந்தது, ஐயா?

1981இல் சாவோ பாவுலோ மாநிலத்தின் இராசெமாபொலிஸ் என்ற சிற்றூரில் பிறந்த எலானோ, குவாரானி கழகத்திலிருந்து 2001இல் சான்டோஸுக்கு வந்தார். மறு ஆண்டே அந்த அணி பிரேசில் தேசிய லீக்கை வென்றது. நாக் அவுட் சுற்றுகளுடன் நடந்த கடைசி லீக் அது. முதல் கட்டத்தில் சான்டோஸ் எட்டாவது இடத்தில், அதாவது தகுதி பெறும் கடைசி இடத்தில்தான் இருந்தது. எமர்சன் லியாவோவின் பயிற்சியில் டியேகோ, ரொபின்யோ, ரெனாட்டோ, எலானோ ஆகிய இளைஞர்களை நம்பி இறங்கிய அந்த அணி, இறுதியின் முதல் ஆட்டத்தில் கொரிந்தியன்ஸை 2-0 என்று தோற்கடித்தது. இரண்டாவது ஆட்டத்தில் கொரிந்தியன்ஸ் 2-1 என முன்னேறி, இன்னும் ஒரு கோல் விழுந்தால் பட்டம் கைமாறிவிடும் என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது சமன் செய்தவர் எலானோ. பிறகு லியோ மூன்றாவது கோலை அடித்தார். அந்த இறுதி என்றாலே பந்தின் மேல் மாறி மாறிக் காலைச் சுழற்றிக் கொண்டே போய் பெனால்டி வாங்கிய ரொபின்யோதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார். எலானோவின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடந்தது. 2004இல் சான்டோஸ் மீண்டும் பட்டம் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

கேள்வி: உக்ரைனில் ஆடிக்கொண்டிருந்தவர் பிரேசில் அணியின் நிரந்தர ஆட்டக்காரர் ஆனது எப்படி?

2005இல் லுச்செஸ்கு பயிற்சியளித்த ஷக்தார் டொனெட்ஸ்க் என்ற உக்ரைன் அணிக்குச் சென்று அங்கே லீக் பட்டங்கள் வென்றார் என்றாலும், அவரை உலகம் கவனித்தது 2006 செப்டம்பரில் லண்டன் எமிரேட்ஸ் அரங்கில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நடந்த நட்பு ஆட்டத்தில்தான். பிரேசில் 3-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அப்போதுதான் பயிற்சியாளர் பொறுப்பேற்றிருந்த துங்காவுக்கு, நட்சத்திரங்களைவிடச் சொன்ன வேலையைச் செய்பவர்களே தேவைப்பட்டார்கள். வலப்பக்க நடுக்களத்தில் நின்று, வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் மைக்கோன் முன்னேறும்போது பின்னால் விடுபடும் இடத்தை அடைப்பது, பந்து கிடைத்ததும் நீளமாகவும் துல்லியமாகவும் அனுப்புவது, கார்னர், ஃப்ரீ கிக் எடுப்பது ஆகிய மூன்றும் எலானோவால் முடிந்தன. 2007 கோப்பா அமெரிக்கா இறுதியில் ஜூலியோ பாப்டிஸ்டா அடித்த முதல் கோல் அவரது நீண்ட பாஸிலிருந்து வந்தது. 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக லூசியோ தலையால் முட்டிய வெற்றிக் கோல் அவரது கார்னரிலிருந்து வந்தது.

கேள்வி: மான்செஸ்டர் சிட்டியில் ஏன் நிலைக்கவில்லை?

2007இல் அந்த இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் எரிக்சன் அழைத்து வந்தபோது தொடக்கம் நன்றாகவே இருந்தது. அந்தச் செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக்கைச் சிட்டி ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். எரிக்சன் போய் மார்க் ஹியூஸ் வந்தார், 2008இல் புதிய உரிமையாளர்களின் அபுதாபி பணமும் வந்தது, எலானோவுக்கான இடம் சுருங்கியது. 2009இல் துருக்கியின் கலாட்டாசராய் அணிக்குச் சென்றார்.

கேள்வி: 2010இல் காயம் படாமல் இருந்திருந்தால் பிரேசில் நெதர்லாந்தை வென்றிருக்குமா?

வட கொரியாவுக்கு எதிராக ரொபின்யோவின் பாஸில் ஒரு கோல், ஐவரி கோஸ்டுக்கு எதிராக காக்காவின் பாஸில் ஒரு கோல் என நல்ல ஆட்டத்தில் இருந்தவர், அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே எதிரணியின் தியோத்தேயின் முரட்டுத்தனமான மறிப்பில் காலில் அடிபட்டு வெளியேறினார்; அதன்பின் அவர் அந்தத் தொடரில் ஆடவே இல்லை. காலிறுதியில் அவர் இடத்தில் ஆடிய டானி ஆல்வெஸ் திறமையில் குறைந்தவர் அல்லர். ஆனால் அடிப்படையில் பக்கத் தடுப்பாட்டக்காரர். அந்த ஆட்டத்தில் பிரேசிலைத் தோற்கடித்தவை ஸ்னைடரின் கிராஸைத் தடுப்பதில் நேர்ந்த குழப்பம், ஒரு கார்னர், ஃபெலிப்பே மெலோவுக்குக் கிடைத்த சிவப்பு அட்டை ஆகியவை. இவற்றில் எதையும் எலானோ தடுத்திருக்க முடியாது என்பதே என் கருத்து. 2-1 என்று பின்தங்கிய பிறகு ஃப்ரீ கிக்குகளையும் கார்னர்களையும் நம்பி எடுக்க ஒருவர் இருந்திருப்பார் என்ற அளவில் மட்டுமே அந்த இழப்பு பெரியது.

கேள்வி: 2011இல் பெனால்டிகளைத் தவறவிட்டதற்காகக் கேலி செய்யப்பட்டாரே?

அந்த ஜூலை மாதம் அவருக்குக் கொடுமையானது. கோப்பா அமெரிக்கா காலிறுதியில் பராகுவேக்கு எதிரான பெனால்டி முடிவில் அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. ஆனால் பிரேசில் உதைத்த நான்கு பெனால்டிகளும் வீணாயின என்பதைக் கேலி செய்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். பத்தே நாளில், தாம் திரும்பிச் சேர்ந்திருந்த சான்டோஸுக்காக ஃப்ளமெங்கோவுக்கு எதிராக, 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது கிடைத்த பெனால்டியை மெல்லத் தூக்கிவிடப் பார்த்தார். கோல்கீப்பர் ஃபெலிப்பே நின்ற இடத்திலேயே பிடித்து, பந்தைக் காலில் தட்டி விளையாட்டுக் காட்டினார். ஃப்ளமெங்கோவின் ரொனால்டின்யோ மூன்று கோல்கள் அடிக்க, சான்டோஸ் 5-4 என்று தோற்றது. இதைத் தன்னம்பிக்கை என்று நான் வாதிட மாட்டேன், அது வீம்பு. ஆயினும் அதே ஆண்டில் சான்டோஸ் தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோப்பா லிபர்டடோரெஸ் வென்றதில் அவருக்குப் பங்கு உண்டு.

கேள்வி: சென்னையில் அவர் செய்தது என்ன? அன்று நேரு அரங்கில் இருந்த என் தம்பி இன்றும் அவரைப் பற்றியே பேசுகிறான்.

உங்கள் தம்பி பேசுவதில் வியப்பில்லை. 2014 அக்டோபரில் கோவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். இத்தாலியின் மத்தெராத்ஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த அந்த அணியில், நடுக்களத்திலிருந்து ஆடியபடியே 8 கோல்கள் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். அணி அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்றது. 2015இல் கோல் அடிக்கும் பொறுப்பு சக ஆட்டக்காரர் மெண்டோசாவிடம் போனது. எலானோ பந்தை எடுத்துக் கொடுப்பவராக மாறினார். வெள்ளத்தால் சென்னையின் சொந்த அரங்க அரையிறுதி புனேவில் நடக்க வேண்டியதாயிற்று. அப்படியும் கொல்கத்தாவை வென்று, ஃபத்தோர்டா அரங்கில் நடந்த இறுதியில் கோவாவை 3-2 என்று தோற்கடித்து அணி முதல் கோப்பையைக் கைப்பற்றியது.

கேள்வி: இப்போது?

2016இல் சான்டோஸில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, அங்கேயே பயிற்சிப் பணியில் சேர்ந்தார். பின்னர் இன்டர் டி லிமெய்ரா, ஃபிகெய்ரென்ஸே, ஃபெரோவியாரியா ஆகிய அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.