ஐரோப்பாவில் கப்பல் ஏற எந்த ஊர் நல்லது? சேலம் வாசகருக்கு ஒரு பதில்

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மே மாத விடுமுறையில் அவர், மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் பத்து வயது மகள், எழுபது வயது அம்மா என நான்கு பேரும் ஐரோப்பாவில் ஏழு ராத்திரி கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறார்கள். பார்சிலோனா, ரோம், வெனிஸ், லண்டன் என்று நான்கு ஊர்களைச் சொல்லி, எங்கே ஏறுவது என்று முடிவு பண்ணச் சொல்லியிருக்கிறார் ஏஜென்ட். வெனிஸ்தான் தலைக்கு இருபதாயிரம் ரூபாய் மலிவாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. போதாததற்கு, ஏற்காட்டுக்குக் காரில் போனாலே பாதி மலை ஏறுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாராம். எங்கே ஏறினால் நல்லது?

முதலில் பதில்: பார்சிலோனா. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கே ஏஜென்ட் வேறு கப்பல், வேறு தேதி என்று கொண்டுவந்தால் நீங்களே பார்த்து முடிவெடுக்க முடிய வேண்டும்.

கப்பல் ஒவ்வொரு ஊரிலும் எட்டு, பத்து மணி நேரம்தான் நிற்கும். காலையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். நீங்கள் ராத்திரி தங்கி, நிதானமாகச் சுற்றிப் பார்க்கிற ஒரே ஊர் கப்பல் ஏறுகிற ஊர்தான். அதனால் டிக்கெட் விலையை ஓரமாக வைத்துவிட்டு, எந்த ஊருக்கு இரண்டு முழு நாள் கொடுக்க ஆசை, அந்த ஊரிலிருந்து துறைமுகத்துக்கு அம்மாவையும் பெட்டிகளையும் எப்படிக் கொண்டுபோவது என்ற இரண்டை மட்டும் முதலில் யோசியுங்கள்.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊரில் பல நேரம் கப்பலே நிற்காது, கம்பெனிக்காரர்கள் பக்கத்திலுள்ள பெரிய ஊரின் பெயரைப் போட்டுவிடுவார்கள். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஈரோட்டைத் தாண்டிவிடுகிற தூரம். லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், அது இன்னும் தள்ளி. பாரிஸ் என்றால் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற லே ஹாவ்ர். பெர்லின் என்றால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டே, அது இருநூறுக்கும் மேலே. ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ.

வெனிஸ் இதில் தனிக் கதை. 2019 ஜூன் 2-ஆம் தேதி ஒரு பெரிய சொகுசுக் கப்பல் கட்டுப்பாடு இழந்து, கரையிலும் அங்கே நின்றிருந்த சுற்றுலாப் படகிலும் மோதிச் சிலர் காயமடைந்தார்கள். இந்தக் கப்பல்கள் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டியும் ஜூதெக்கா கால்வாய் வழியாகவும் வரக் கூடாது என்று இத்தாலிய அரசு தடை போட்டது. இப்போது வெனிஸ் என்று விற்கிற பயணம், எதிர்க்கரையில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற மார்கெராவிலிருந்தும் கிளம்பலாம், ட்ரியஸ்டியிலிருந்தும் கிளம்பலாம், ராவென்னாவிலிருந்தும் கிளம்பலாம். ட்ரியஸ்டியும் ராவென்னாவும் வெனிஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். வெனிஸ் விமான நிலையத்தில் இறங்கி, நான்கு பேரும் நான்கு பெட்டியுமாக வண்டி பிடித்து இரண்டு மணி நேரம் போக வேண்டும், திரும்பும்போதும் அதே. தலைக்கு இருபதாயிரம் மிச்சம் என்று சொன்னாரே, அதில் எவ்வளவு கையில் நிற்கும் என்று இந்த வண்டி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, அந்தப் பக்கத்துக் கப்பல்கள் பல மாண்டினீக்ரோவின் கோட்டோருக்குப் போகும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். பக்கத்து நாடான குரோயேஷியா 2023-இலேயே அதில் சேர்ந்துவிட்டது, மாண்டினீக்ரோ சேரவில்லை. அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதாகத்தான் கணக்கு, ஒருமுறை மட்டும் நுழைகிற விசா போதாது.

லண்டனை உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். பிரிட்டனுக்குத் தனி விசா, ஷெங்கன் விசா அங்கே செல்லாது. சவுத்தாம்ப்டனில் ஏறி பிரான்ஸ், ஸ்பெயின் போகிற கப்பல் என்றால் இரண்டு விசாவும் வேண்டும், நான்கு பேருக்கும் இரண்டு கட்டணம், பெரியவர்களுக்கு இரண்டு முறை கைரேகை. அது போக, அங்கிருந்து ஸ்பெயின் பக்கம் இறங்குகிற கப்பல் பிஸ்கே விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். அட்லாண்டிக் அலை நேராக வந்து அடிக்கிற இடம் அது. மலைப்பாதையிலேயே வாந்தி எடுக்கிற அம்மாவுக்கு முதல் பயணமே அதுவாக இருக்க வேண்டாம்.

ரோம்? கொலோசியத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு இரண்டு நாள் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னால், சரி, ரோமிலேயே ஏறுங்கள், நல்ல முடிவுதான். ஆனால் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பழைய ரோமில் தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தது, வீல்சேர் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், முழங்கால் வலிக்காரர் நடந்தாலும் கஷ்டம். டெர்மினி ஸ்டேஷனிலிருந்து சிவிட்டாவெக்கியாவுக்கு அடிக்கடி ரயில் இருக்கிறது, சாதாரண ரயில் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷனில் இறங்கினால் கப்பல் எதிரே நிற்காது. அங்கிருந்து பஸ், அது கொண்டுபோய் விடுகிற இடத்திலிருந்து கப்பல் நிற்கும் மேடைக்கு இன்னொரு பஸ், ஒவ்வொன்றிலும் பெட்டியை ஏற்றி இறக்க வேண்டும். இளவட்டங்களுக்கு இது ஒன்றுமே இல்லை. உங்களுக்கு ரோம் ஹோட்டலிலிருந்து வேன் பிடித்து நேராகக் கப்பலடிக்குப் போவதுதான் வழி, அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பார்சிலோனாவில் இந்தத் தொல்லையே கிடையாது. விமான நிலையத்திலிருந்து துறைமுகம் பதினைந்து கிலோமீட்டர் சுற்றுத்தான். டாக்சியில் இருபது, இருபத்தைந்து நிமிடம், கப்பல் டெர்மினலுக்கென்றே நிர்ணயித்த கட்டணம் உண்டு, நாற்பது யூரோவை ஒட்டி வரும். பெட்டி நிறைய இருந்தால் பெரிய டாக்சி கேளுங்கள். ஊருக்குள் தங்கினால் ராம்ப்ளா தெருக் கோடியில் கொலம்பஸ் தூண் நிற்கும், பெரிய கப்பல்கள் நிற்கிற நீண்ட மேடைக்கு அங்கிருந்து நீல நிற பஸ் ஓடுகிறது. அம்மாவோடு போவதால் நீங்கள் பஸ்ஸை மறந்துவிடுங்கள், டாக்சி டெர்மினல் வாசலிலேயே இறக்கிவிடும். இறங்கியதும் சுமை தூக்குபவர் பெட்டியை வாங்கிக்கொள்வார். அறை எண் போட்ட காகிதப் பட்டையை முந்தின நாளே பெட்டியில் மாட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம் பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆனாலும் ஆகும். அதனால் பாஸ்போர்ட், அம்மாவின் மாத்திரை, குழந்தைக்கு ஒரு செட் துணி எல்லாம் தோள்பையிலேயே இருக்கட்டும். மாத்திரையைப் பெட்டியில் போட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரும் அம்மாவுக்கு ஏற்றது: புதிய பகுதியில் அகலமான நடைபாதை, பெரும்பாலான மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட், மேடான பகுதிகளை விட்டுவிட்டால் சமதளம்.

உங்கள் மகளுக்கு ரோமும் கைவிட்டுப் போகாது. பார்சிலோனாவில் கிளம்பும் ஏழு ராத்திரிக் கப்பல்களில் பல மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா என்று வட்டமடித்துத் திரும்புபவை. சில கம்பெனிகளில் அந்த வட்டத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் ஏறி, ஏழு நாள் கழித்து அதே ஊரில் இறங்கலாம். சிவிட்டாவெக்கியாவில் நிற்கிற அன்றைக்குக் கப்பல் கம்பெனியே நடத்துகிற ரோம் சுற்றுலாவில் சேர்ந்துவிடுங்கள். விலை கூடத்தான். ஆனால் அவர்கள் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய் ரயில் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான்.

ஏஜென்ட் அடுத்ததாக ஏதென்ஸைக் கொண்டுவருவார் என்று நினைக்கிறேன். போய்ச் சேருவதற்கு ஏதென்ஸும் சுலபம்தான், 2022 அக்டோபரிலிருந்து விமான நிலையத்து மெட்ரோவே பிரேயஸ் துறைமுகம் வரை போகிறது. சிக்கல் அங்கிருந்து போகிற தீவுகளில். சான்டோரினியில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கொஞ்சம் தள்ளிக் கடலிலேயே நின்று, சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள், டெண்டர் என்பார்கள். அலையில் ஏறி இறங்குகிற படகுக்குள் கால் எடுத்து வைக்க வேண்டும், கரையில் இறங்கினால் ஊர் செங்குத்தான பாறை மேலே. கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஐந்நூறுக்கு மேல் படி. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வேறு பலமாக அடிக்கும், அப்போது சில நாள் தீவில் இறக்காமலே கப்பல் போய்விடும். அதனால் எந்த ஊரில் ஏறினாலும், எந்தெந்த இடத்தில் டெண்டர் என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், பலேர்மோவில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கும். ஃபிரெஞ்சுக் கரையில் வில்ஃப்ரான்ஷ், கான் என்று பெயர் இருந்தால் படகுதான்.

வாந்தியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பெரிய கப்பலில் பல நேரம் நகர்கிறதே தெரியாது. மே மாதத்தில் மத்தியத் தரைக்கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், மார்செய் பக்கம் மிஸ்ட்ரால் காற்று அடித்தால் ஒரு ராத்திரி ஆடலாம். அம்மாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரிகிற இடம் அதுதான். எந்த மாத்திரை என்று அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாவும் ஏறுகிற ஊரைப் பொறுத்துத்தான் அமையும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. கப்பல் இத்தாலியில் மூன்று துறைமுகம் தொட்டால் கணக்கு குழம்பும். பார்சிலோனாவில் முன்னால் இரண்டு ராத்திரியும் பின்னால் ஒரு ராத்திரியும் ஹோட்டல் போட்டுவிட்டால் ஸ்பெயின்தான் என்று தெளிவாகிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்கச் சென்னையில் நேரம் கிடைப்பது கஷ்டம், ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் 45 யூரோ, அது போக விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அம்மாவுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்று பார்த்து எடுங்கள். விசா வருவதற்கு முன் கப்பலுக்கு முழுப் பணமும் கட்டாதீர்கள். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பார்த்து முன்பணம் மட்டும் கட்டுங்கள்.

இங்கிருந்து கிளம்புவது பற்றி. பெங்களூரு, சென்னை இரண்டிலிருந்தும் வளைகுடா வழியாக ஒரே இடத்தில் மாறி பார்சிலோனா போகலாம். பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது, ஓசூர் தாண்டி ஊருக்குள் மாட்டினால் நேரம் எவ்வளவு போகும் என்று சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் மத்தியானமே காரை எடுங்கள். சென்னை என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்துக்கொண்டு சென்ட்ரலில் இறங்கலாம், அங்கிருந்து மெட்ரோ விமான நிலையம் வரை போகிறது, அம்மாவுக்கு அதுதான் சுகம். மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். நடுவில் ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பாகும், தனித்தனியாக வாங்கினால் அது உங்கள் பாடு. கப்பல் கிளம்புகிற நாளன்று காலையில் போய் இறங்குகிற டிக்கெட்டை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் அனுப்பிய ஓமலூர்க் குடும்பம் ஒன்றுக்கு வளைகுடாவில் விமானம் தவறி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பியிருந்ததால் ஒரு ராத்திரி ஹோட்டல் காசோடு போயிற்று, கப்பலை நிதானமாகவே பிடித்தார்கள்.

பின்னால் ஒரு ராத்திரி தங்குவது ஒத்துவராமல், இறங்குகிற அன்றைக்கே விமானம் ஏறுவதானால், மதியம் இரண்டு மணிக்கு மேல் கிளம்புகிற விமானமாகப் பாருங்கள். காலை ஏழு மணியிலிருந்து தளம் தளமாகத்தான் இறக்குவார்கள், வீல்சேர் தேவைப்படுபவர்களுக்குத் தனி நேரம் கொடுப்பார்கள். அதை முந்தின நாளே கப்பலின் வரவேற்பு மேஜையில் பதிந்துவிடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகை, முகப்படம் எடுக்கிற புதிய முறையும் வந்திருக்கிறது, வரிசைக்கென்று ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.