சிலி, சிங்கப்பூர், இந்தியா: யாரைப் பார்த்து நம் ஈ.பி.எப்.பை மாற்றலாம்?

கேட்டிருப்பது இதுதான்: உலகம் முழுக்க ஓய்வூதிய முறையை மாற்றுகிறார்கள், இலங்கையில் நாமும் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசை மொத்தமாகக் கொடுக்காமல் மாதப் பென்ஷனாக ஆக்கினால் என்ன, எந்த நாட்டைப் பின்பற்றலாம்? மாதப் பென்ஷன் கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் காசில் கைவைத்து அதைத் தொடங்கவே கூடாது. புறக்கோட்டையில் சம்பளக் கணக்கு எழுதுவது என் வேலை, அதனால் இதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கிறேன்.

நம் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க உத்தியோகத்தருக்குச் சாகும்வரை திறைசேரி பென்ஷன் கொடுக்கிறது. தனியார் ஊழியருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.பி.எப்., அதில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதம். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்கலாம், கல்யாணம் கட்டி வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்கலாம். 2021இல் தனியார் துறையின் ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள், காசு எடுக்கும் வயது மட்டும் அப்படியே நிற்கிறது.

எடுத்த காசுக்கு என்ன நடக்கிறது? எங்கள் கடை ஸ்டோரைப் பல வருஷம் பார்த்த ஒரு அண்ணர் ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் மகளின் கல்யாணம் முடிந்தது, கொட்டாஞ்சேனை வீட்டுக்கு சிலாப் போட்டார், மருமகனின் முச்சக்கரவண்டி லீசிங் பாக்கியைக் கட்டினார், மிச்சத்தை வங்கி ஃபிக்சட்டில் போட்டார். 2022 கடைசியில் வட்டி 20 சதவீதத்துக்கு மேலே போனபோது மாதச் செலவை ஒரு மாதிரி சமாளித்தார், பிறகு வட்டி மளமளவென்று இறங்க அசலை எடுக்க வேண்டி வந்தது, இப்போது வேறொரு கடையில் உட்கார்ந்து பில் எழுதுகிறார். அவர் ஊதாரி இல்லை. மொத்தக் காசு கைக்கு வரும் வீட்டில் அதுவரை தள்ளிப்போட்ட எல்லாச் செலவும் அன்றைக்கு வாசலில் வந்து நிற்கும், யாருக்கும் இதுதான் நடக்கும்.

இன்னொன்று, சேரும் காசே குறைவு. மாதம் 50,000 ரூபா சம்பளம் என்றால் ஈ.பி.எப்.புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 10,000 போக வேண்டும். ஆனால் சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று போட்டு மிச்ச 20,000த்தை 'இன்சென்டிவ்' (ஊக்கத்தொகை) என்று எழுதி, அதற்கு ஈ.பி.எப். கட்டாமல் விட்டால் போவது 6,000 மட்டுமே. நான் முன்பு வேலை செய்த இடத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதச் சொன்னார்கள். மாதம் 4,000 ரூபா, வருஷக்கணக்கில், வட்டியோடு... அந்த ஓட்டையை அடைக்காமல் எந்த நாட்டு முறையைக் கொண்டுவந்தும் பலன் இல்லை.

சரி, வெளிநாடுகளுக்கு வருவோம்.

சிலிதான் பெரிய பாடம். 1981இல், பினோசெட்டின் இராணுவ ஆட்சியில், பழைய பென்ஷனை எடுத்துவிட்டு ஊழியர் தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிதி நிறுவனத்தில் தன் சொந்தக் கணக்கில் போட வேண்டும் என்றார்கள். முதலாளி பங்கு இல்லை. இராணுவத்தினர் மட்டும் பழைய முறையிலேயே இருந்துகொண்டார்கள், அதை நான் சாதாரண விஷயமாக எடுக்க மாட்டேன். நிரந்தர வேலை இல்லாதவர், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண், சிறு சம்பளக்காரர் எல்லோர் கணக்கும் வெறுமையாகவே இருந்தது. கடைசியில் 2008இல் வரிக் காசில் ஒரு அடிப்படைப் பென்ஷன் கொண்டுவந்தார்கள், 2022இல் அதைப் பெரிதாக்கினார்கள், 2025இல் முதலாளியும் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கொரோனா காலத்தில் மூன்று தடவை 10 சதவீதம் எடுக்க விட்டதில் எத்தனையோ பேரின் கணக்கு துடைத்துப்போனது வேறு.

சிங்கப்பூரின் சி.பி.எப். 1955இலிருந்து இருக்கிறது, நம்முடையதைப் போலச் சேமிப்பு நிதிதான். 2009இல் அதில் ஒரு பகுதியை உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் வரும்படி மாற்றினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் அங்கே அரசே குறைந்தபட்ச வட்டிக்கு உத்தரவாதம் கொடுக்கிறது, அந்த உத்தரவாதத்தை ஜனங்கள் நம்புகிறார்கள்.

இந்தியா 2004இல் மத்திய அரசுப் புதிய ஊழியர்களின் பென்ஷனைச் சந்தையின் லாப நட்டத்தோடு கட்டிவிட்டு, இருபது வருஷம் எதிர்ப்பைச் சந்தித்த பிறகு 2025 ஏப்ரலில், 25 வருஷம் சேவை செய்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி நிச்சயம் என்ற திட்டத்தையும் கொண்டுவந்தது. நிச்சயமில்லாத பென்ஷனை யாரும் பென்ஷனாக எண்ணுவதில்லை.

நம்மிடம் இல்லாதது அந்த நம்பிக்கைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2011இல் தனியார் துறைப் பென்ஷன் சட்டமூலம் வந்தபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள், பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார், சட்டமூலத்தையும் கைவிட்டார்கள். பென்ஷன் வேண்டாம் என்று யாரும் போராடவில்லை. தங்கள் காசைக் கேட்காமல் எடுக்கப்போகிறார்கள் என்ற பயம் அது. அப்புறம் 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்குப் போனது, அந்த வருஷம் ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 சதவீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளிடம் இருந்த முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) விட்டுவிட்டு ஓய்வூதிய நிதிகளின் முறிகளைத்தான் மாற்றினார்கள், மறுத்தால் அந்த நிதிகளின் முறி வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்று சட்டம் போட்டார்கள். நாட்டின் கடன் சுமை கடைசியில் வந்து விழுந்தது சேல்ஸ் பிள்ளையின் சேமிப்பில். இதற்குப் பிறகு "உங்கள் காசை நாங்களே வைத்திருந்து மாதாமாதம் தருகிறோம்" என்றால் எவர் தலையாட்டுவார்?

அதனால் நான் சொல்வது, முதலில் சிலி கடைசியாகச் செய்ததை நாம் ஆரம்பத்திலேயே செய்யலாம்: குறிப்பிட்ட வயதைத் தாண்டியவருக்கு வரிக் காசிலிருந்து ஒரு அடிப்படைப் பென்ஷன், இன்றைய முதியோர் கொடுப்பனவை விடப் பெரியதாக, விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படியாக. வீட்டு வேலைக்குப் போகும் அக்காமாருக்கும் மூட்டை தூக்கும் நாட்டாமைகளுக்கும் நடைபாதைக் கடைக்காரருக்கும் மாதாமாதம் கட்ட முதலாளி இல்லை, ஈ.பி.எப்.பை எப்படித் திருத்தினாலும் அது அவர்களைத் தொடாது. வரி கூடும், உண்மை. கூடட்டும், இன்றைக்கு அந்தச் செலவு பிள்ளைகளின் தலையில் ஓசையில்லாமல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது, பழைய மீதி முழுவதும் ஊழியர் விரும்பியபடி எடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டு, புதிதாக வேலைக்குச் சேருபவர்களின் முதலாளி பங்கில் ஒரு பகுதியை மட்டும் மாதப் பென்ஷனுக்கு ஒதுக்கலாம், அந்தக் காசை எங்கே போடுவது என்பதில் தொழிற்சங்கங்களுக்கு வாக்கு இருக்க வேண்டும். இப்போது நிதியை மத்திய வங்கி பார்க்கிறது, அரசாங்கத்துக்குக் கடன் வாங்கிக்கொடுப்பதும் அதுவாகவே இருந்து வந்தது, அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்ததை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன்.

காசு எடுக்கும் வயதை 60க்கு உயர்த்தும் பேச்சை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கலாம். ஐம்பது வயதில் தையல் மெஷினில் கண்ணும் முதுகும் போன பெண்ணிடம் இன்னும் பத்து வருஷம் பொறு என்று சொல்வதற்கு முன்னால், அதுவரை அவர் எதைச் சாப்பிடுவார் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.