விற்பதற்கு முன் சீட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. பல வருடம் கழித்து சைக்கிள் வாங்கி, மூன்று வாரத்திலேயே முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, பழைய சந்தோஷமும் வரவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதே விற்காதீர்கள்.

முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும். சீட்டை ஒரேயடியாக உயர்த்தாமல் அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் முட்டியைப் படுத்தும். லேசான கியரில் பெடல் நிமிடத்துக்கு 70, 80 சுற்று வரட்டும். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நீங்கள் வைத்திருக்கும் ‘தினமும் 20 கிலோமீட்டர்’ இலக்கைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கணக்குப் பார்த்து ஓட்டிய மாதங்களில் எனக்கும் அது இன்னொரு வேலையாகத்தான் இருந்தது. கடைக்கு, நூலகத்துக்கு என்று எப்படியும் போகவேண்டிய இடங்களுக்கு சைக்கிளை எடுத்த பிறகுதான் மாறியது. ஒரு மாலை, மழை விட்ட ஈரக்காற்று முகத்தில் பட, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீடு திரும்பினேன். யாரும் சொல்லாமல்!

சீட்டை ஏற்றிய பிறகு முட்டி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.