625001 பகா எண்ணா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், மேலமாசி வீதியில் உள்ள எங்கள் வீட்டு பின்கோடு 625001 பகா எண்ணா என்று கேட்டாள். 2, 3, 5, 7, 11 வரை வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. பகா எண்தான் என்று சொல்லிவிட்டேன். சரிதானா? கால்குலேட்டர் இல்லாமல் எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

பதில்: இன்னும் ஒரு படி போயிருந்தால் பிடித்திருப்பீர்கள். அடுத்த பகா எண் 13. அதில் 625001 மீதியில்லாமல் போகிறது: 13 × 48077.

7, 11, 13 மூன்றையும் தனித்தனியாக வகுக்கவே வேண்டாம். மூன்றையும் பெருக்கினால் 1001. 625ஐ இரண்டு முறை சேர்த்து எழுதுங்கள்: 625625. இது 625 × 1001; அதனால் மூன்றிலும் வகுபடும். நம் எண் இதைவிட 624 குறைவு. அப்படியானால் 624ஐச் சோதித்தாலே போதும். 7இல் வகுத்தால் 1 மீதி, 11இல் 8 மீதி, 13இல் சரியாக 48 முறை. இந்த 624 வேறொன்றுமில்லை, முன் மூன்று இலக்கத்திலிருந்து பின் மூன்று இலக்கத்தைக் கழித்தது: 625 − 001. எந்த ஆறு இலக்க எண்ணுக்கும் இது பலிக்கும். பள்ளியில் 3க்கும் 9க்கும் விதி சொல்லித் தருவது போல இதையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, எதுவரை வகுப்பது? வர்க்கமூலம் வரை. 791 × 791 = 625681, நம் எண்ணைத் தாண்டிவிட்டது. ஆகவே 625001ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடிந்தால், அதில் ஒன்று கட்டாயம் 790க்குள் இருக்கும். 790க்குள் 138 பகா எண்கள் உள்ளன. மலைக்க வேண்டாம். 13 கிடைத்ததும் மிச்சம் 48077தான். இதற்கு 219 வரை பார்த்தால் போதும். 2 முதல் 11 வரை ஏற்கனவே கழிந்தது. 13ஐ மறுபடி ஒரு முறை பாருங்கள், ஒரே காரணி இரண்டு தடவை வரலாம். அப்புறம் 17, 19, 23 என்று பொறுமையாக ஏறினால் 131இல் பிடிபடும்: 131 × 367.

367க்கு இனி வகுத்தலே தேவையில்லை. 20 × 20 = 400 என்பதால் 19 வரைதான் சோதனை; அவை எல்லாம் முன்பே தோற்றவை. ஆக, 625001 = 13 × 131 × 367.

பின்கோடு 1972இல் தபால் பிரிப்பதற்காக வந்தது. காரணி வசதியாக வரட்டும் என்று யாரும் தயாரித்த எண் இல்லை. அதனாலேயே பாடநூல் கணக்கைவிட நல்ல பயிற்சி.

மகளிடம் பதிலைத் திருத்திச் சொல்லுங்கள், 625625ஐ அவள் கையாலேயே எழுத வையுங்கள். அடுத்து தல்லாகுளத்தின் 625002. இதில் 625 − 2 = 623; 7இல் போகும். மீதிக் காரணிகளை அவளே தேடட்டும்.