கோப்பிச் சக்கையில் தோலுக்கான சாறு: காய வைக்காமல் எடுக்கும் வழி

கேள்வி: பொத்துவிலில் தென்னையும் வீட்டுத்தோட்டமும் செய்கிறேன். அறுகம்குடாவில் வெளிநாட்டவர் வரும் மாதங்களில் இரண்டு கடைகளிலிருந்து தினமும் ஐந்தாறு கிலோ எஸ்பிரெஸோ கோப்பிச் சக்கையைக் கூட்டெருவுக்காக எடுத்து வருகிறேன். மனைவி தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் செய்து விற்கிறார். இந்தச் சக்கையிலிருந்து தோலுக்கு நல்ல பொருட்களைப் பிரிக்கலாம் என்கிறார்கள். ஹெக்சேன் போன்ற இரசாயனக் கரைப்பான்கள் இல்லாமல் வீட்டில் செய்யலாமா? காய வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

பதில்: செய்யலாம். உங்களுக்குச் சிக்கல் காய வைப்பதில்தான் என்பதால், காய வைக்கத் தேவையில்லாத முறையை முதலில் சொல்கிறேன்.

சக்கையில் இரண்டு வகைப் பொருட்கள் மிஞ்சுகின்றன. காய்ந்த எடையில் 10 முதல் 15 வீதம் வரை எண்ணெய். அதில் லினோலிக் அமிலமும் பாமிற்றிக் அமிலமும் அதிகம். நீரில் கரையும் பக்கத்தில் குளோரோஜெனிக் அமிலங்கள் எனும் ஒட்சியேற்றத் தடுப்பிகள், கொஞ்சம் கஃபீன், வறுக்கும்போது உண்டாகும் பழுப்புச் சேர்மங்கள். முதல் வகை எண்ணெயோடு வரும். இரண்டாவது வகை நீரோடும் கிளிசரினோடும் வரும். ஒரே சட்டியில் இரண்டையும் எடுக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

ஹெக்சேன் 69 பாகையில் கொதிக்கும். ஆவி தீப்பற்றும், நரம்புகளையும் பாதிக்கும். வீட்டுப் பக்கமே வேண்டாம். தொழிற்சாலைகளில் அதற்கு மாற்றாக வந்திருப்பது அழுத்தப்பட்ட காபனீரொட்சைட்டு. அதற்கு 31 பாகை வெப்பமும் 74 பார் அழுத்தமும் தாண்ட வேண்டும், நடைமுறையில் 200 பாருக்கு மேலேயே இயக்குகிறார்கள். வீட்டில் நடக்கிற காரியமல்ல. எத்தனோல் நல்ல கரைப்பான், ஆனால் வைத்திருக்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மெதனோல் கலந்த ஸ்பிரிட்டைத் தோலுக்கான எதிலும் சேர்க்கவே கூடாது. செக்கில் ஆட்டவும் முயல வேண்டாம். இவ்வளவு குறைந்த எண்ணெயைச் சக்கையே பிடித்துவைத்துக்கொள்ளும்.

உங்களுக்குப் பொருத்தமானது கிளிசரின். கிளிசரின் சாற்றுக்கு எப்படியும் நீர் வேண்டும், அந்த நீர் ஈரச் சக்கையிலேயே இருக்கிறது. முதலில் ஈரத்தை அளந்துகொள்ளுங்கள். 100 கிராம் சக்கையைத் தாச்சியில் மெல்லிய நெருப்பில், எடை இனிக் குறையாது என்னும் வரை வறட்டுங்கள். 40 கிராம் மிஞ்சினால் ஈரம் 60 வீதம். அந்த நீரின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு கிளிசரின் சேர்க்க வேண்டும். அதாவது 1 கிலோ ஈரச் சக்கையில் 600 கிராம் நீர், அதற்கு 900 கிராம் கிளிசரின். இப்படிச் செய்தால் திரவத்தில் கிளிசரின் 60 வீதமாக நிற்கும். 50 வீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர் வளரத் தொடங்கும், ஆகவே கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்தே போடுங்கள். கிளிசரின் மருந்துத் தரமாக, பி.பி. (பிரித்தானிய மருந்துத் தரம்) என்று குறித்ததாக இருக்க வேண்டும்; தொழிற்சாலைத் தரம் விலை குறைவென்று வாங்க வேண்டாம்.

சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ கலந்து, மூடி, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்துச் சாற்றை 60 பாகையில் 2 மணித்தியாலம் பிடியுங்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். வெப்பமானி இல்லாமல் செய்ய வேண்டாம்: கொதிக்க விட்டால் குளோரோஜெனிக் அமிலம் சிதையும், கருகல் மணமும் ஏறும். இரும்புச் சட்டி கூடாது, இரும்புக் காவி படியும் கிணற்று நீரும் கூடாது. இரண்டும் சாற்றைக் கறுப்பாக்கும். சாறு சூடாக இருக்கும்போதே, முன்னரே கொதிநீரில் இட்டுக் காய வைத்த துணியில் பிழிந்து, பிறகு கோப்பி வடிதாளில் வடியுங்கள். இட்ட திரவத்தில் அரைவாசிக்குச் சற்று மேல் கிடைக்கும், மீதியைச் சக்கை குடித்துவிடும். பீஎச் தாளில் பார்த்து, 5-க்கு மேல் இருந்தால் சிட்ரிக் அமிலத்தால் 4.5-க்கும் 5-க்கும் இடையில் கொண்டுவந்து, 0.2 வீதம் பொட்டாசியம் சோர்பேற்று என்ற பாதுகாப்பிப் பொருளும் சேர்த்துக் கபிலப் போத்தலில் அடையுங்கள்.

இவை எல்லாம் சக்கை புதிதாக இருந்தால்தான். இயந்திரத்திலிருந்து தட்டிய சூட்டோடு, பாலும் சீனியும் கலக்காமல், மூடியுள்ள சுத்தமான வாளியில் போடும்படி கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். அன்றைக்கே எடுத்து அன்றைக்கே சட்டியில் ஏற்றுங்கள். எங்கள் வெக்கையில் அடுத்த நாளே புளிப்பு மணம் வரும். பூஞ்சணம் கண்ட சக்கையை மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு, அரிதட்டிலும் சூட்டிலும் போகாது. அது கூட்டெருவுக்குத்தான்.

சவர்க்காரத்துக்கு இந்தச் சாறு வீண். சவர்க்காரத்தின் காரத்தில், பீஎச் 9-10-இல், குளோரோஜெனிக் அமிலம் ஒட்சியேறி நிறம் மாறிப்போகும். மிஞ்சுவதும் நீரோடு கழுவுப்பட்டுவிடும். சாற்றைக் கிறீம்களில் 3 முதல் 5 வீதம் சேர்ப்பதே பயன். நீர் சேர்ந்த கிறீமுக்குத் தனியாக முழு அளவு பாதுகாப்பிப் பொருள் வேண்டும். கற்றாழைச் சோறும் பன்னீரும் கலந்து போத்தலில் விட்டுவிட்டு, சாற்றிலுள்ள கிளிசரின் காக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். கலந்த கணமே கிளிசரின் அளவு விழுந்துவிடுகிறது, சில நாட்களில் கெடுகிறது.

சவர்க்காரத்துக்குப் பொருந்துவது சக்கையை எண்ணெயில் ஊறவைத்து எடுக்கும் ஊறலும், தோலைத் தேய்க்கச் சக்கையையே சேர்க்கும் உரைதூளும். இரண்டுக்கும் சக்கை முழுதாகக் காய வேண்டும், ஈரம் 10 வீதத்துக்குக் கீழ். படங்கில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பரப்பாதீர்கள். மணிக்கொரு முறை கிளறுங்கள். இரவில் உள்ளே எடுங்கள். உங்களுக்குப் பூஞ்சணம் பிடித்ததற்குத் தடிப்பாகப் பரப்பியதே காரணமாக இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் படங்கை உயரமான மேசையில் விரித்து மெல்லிய துணியால் மூடுங்கள். கடற்கரை மணல் ஒரு சிட்டிகை விழுந்தாலும் தோலைக் கீறும், அரிதட்டு அதைப் பிரிக்காது. உரைதூள் 500 கிராம் எண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, முகத்துக்கு வேண்டாம்.

ஊறலுக்கு 250 கிராம் காய்ந்த சக்கைக்கு 1 கிலோ தேங்காயெண்ணெய், 60 பாகையில் 3 மணித்தியாலம், பிறகு வடித்து ஓரிரவு தெளியவிட்டு மேலெண்ணெயை மட்டும் எடுங்கள். 250 கிராம் சக்கையில் அதிகபட்சம் 38 கிராம் அளவே கோப்பியெண்ணெய் இருக்கும், ஆகவே ஊறலில் அது 4 வீதம் தாண்டாது. தேங்காயெண்ணெய் எளிதில் காறாது, ஆனால் கோப்பியெண்ணெய் காறும். 0.2 வீதம் விற்றமின் ஈ சேர்த்து, மூன்று மாதத்துக்குள் முடியுங்கள்.

விற்கும்போது கஃபீன் கருவளையத்தைப் போக்கும், வெயிலிலிருந்து காக்கும் என்று எழுத வேண்டாம். சக்கையின் காய்ந்த கிலோவில் 4 கிராம் கஃபீன் மிஞ்சுவதாக வைத்தாலும் மேற்படி சாற்றில் அது 0.1 வீதம், கிறீமில் 5 வீதம் சேர்த்தால் 0.005 வீதம். கஃபீன் பூச்சுகளில் பேசப்படும் அளவு 3 வீதத்துக்குக் கிட்ட. ஈரப்பதம் காக்கும், மணம் தரும் என்பதே நேர்மையான விளம்பரம். எதையும் விற்கும் முன் முழங்கையின் உட்பக்கத்தில் பூசி 48 மணித்தியாலம் பாருங்கள். நீர் கலந்த கிறீமை ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கொடுக்காமல் விற்க வேண்டாம்.

பிழிந்த சக்கையைக் கூட்டெருவில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். காய்ந்த இலை, வைக்கோல், மாட்டெருவோடு அடுக்காகப் போடுங்கள். எண்ணெய் ஊறலின் சக்கையை இன்னும் குறைவாகப் போட வேண்டும், எண்ணெய் காற்றை அடைத்துக் குவியலை நாற வைக்கும். மக்காத சக்கையைக் கத்தரி, மிளகாய் நாற்றுகளின் அடியில் போட்டால், மிஞ்சிய கஃபீன் நாற்றைக் குன்ற வைக்கும்.