ஆபீஸ்ல பாஸ்வேர்டு கேக்காவ, குடுக்கலாமா? – கேள்வி பதில்

அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக் கணக்கர்: அண்ணாச்சி, எல்லாரும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஒரே நோட்டுல எழுதி வைக்கணும்னு முதலாளி சொல்லுதாவ. எழுதலாமா?

எழுதாதீங்க. நீங்க லீவு போட்டா வேலை நிக்கக்கூடாதுங்கிற அவர் கவலை நியாயம்தான். அதுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் அவர் பேர்ல ஒரு அட்மின் அக்கவுண்ட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) போட்டாப் போதும். உங்க ஃபோல்டர்ல இருக்கிற எக்செல், பில் எல்லாம் அதிலிருந்தே திறக்கும். டேலி கணக்கு மென்பொருள்ல ஆல்ட்டும் கே-யும் அழுத்தி, ‘யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்’ போய் ஆளுக்கொரு பெயர் போடுங்க.

ஆலை பிரைவேட் லிமிடெட்னா இது கட்டாயம் மாதிரிதான். கம்பெனிக் கணக்கு மென்பொருள்ல 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதிவாகணும். டேலி திருத்தினவர் பெயரையும் சேர்த்துக் காட்டும். உங்க பாஸ்வேர்டுல வேற ஆள் புகுந்து வவுச்சரை (கணக்குப் பதிவை) மாத்தினா, ஆடிட்டர் கண்ணுல விழுறது உங்க பெயர்தான்.

வண்ணார்பேட்டை ஷோரூம் ஊழியர்: ஆபீஸ் குரோம்ல என் சொந்த ஜிமெயில் போட்டிருக்கேன். மேனேஜருக்கு விண்டோஸ் பின் மட்டும்தான் தெரியும். அதுல என்ன ஆயிரப்போவுது?

எல்லாமே போயிரும் தம்பி. சிங்க் (ஒரே கணக்குல இருக்கிறதை எல்லாக் கருவிக்கும் ஏத்துறது) ஓடுச்சுன்னா வீட்டு போன்ல சேமிச்ச பாஸ்வேர்டெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கும். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்ல கண் படத்தை அழுத்தினா, குரோம் கேக்கிறது அதே விண்டோஸ் பின்னைத்தான். ‘எக்ஸ்போர்ட்’ குடுத்தா மொத்தமும் ஒரே ஃபைலாக இறங்கும். அதுக்குப் பூட்டு கிடையாது, எக்செல்ல திறந்து வாசிக்கலாம்.

பதறிப்போய் ஒவ்வொண்ணா அழிக்காதீங்க. சிங்க் இருக்கையில அங்க அழிச்சா போன்லயும் அழிஞ்சிரும். முதல்ல போன்ல எல்லாம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஆபீஸ் குரோம்ல உங்க படத்தை அழுத்தி, ‘மேனேஜ் புரொஃபைல்ஸ்’ போய் அந்த புரொஃபைலையே டெலிட் பண்ணுங்க. கூகுள் அக்கவுண்ட்ல இருக்கிறது பத்திரமா இருக்கும். அடுத்து போன்ல கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, ‘யுவர் டிவைசஸ்’ போய் ஆபீஸ் கம்ப்யூட்டரை சைன் அவுட் பண்ணுங்க. இதை மட்டும் செஞ்சு புரொஃபைலை விட்டுட்டா, இறங்கின நகல் அங்கயே கிடக்க வாய்ப்பிருக்கு.

அதே ஊழியர்: பாங்க் பாஸ்வேர்டும் அதுலதான் இருந்துச்சு...

ஜிமெயில் பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க, மத்ததோட ரீசெட் லிங்க் எல்லாம் அங்கதான் வரும். அடுத்தது பாங்க். இதைத் தள்ளிப்போடாதீங்க. ரிசர்வ் பாங்கின் 2017 விதிப்படி, நீங்களே பாஸ்வேர்டைப் பகிர்ந்ததால பணம் போனா, பாங்குக்குச் சொல்ற நேரம் வரைக்கும் நஷ்டம் முழுக்க உங்களுது. பணம் போயிருந்தா பாங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் உடனே போன் போடுங்க.

பேட்டை பட்டறை முதலாளி: என் பக்கமும் பாருங்க. பையன் வேலையை விட்டுப் போயிட்டான், கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது.

வேற அட்மின் அக்கவுண்ட் இருந்தா அதுல நுழைஞ்சு, ‘யூசர்ஸ்’ ஃபோல்டர்ல அவர் பெயர்ல இருக்கிற ஃபைல்களை எடுத்துக்கலாம். பாஸ்வேர்டை ரீசெட் பண்ணினா, அதுல சேமிச்ச பிரவுசர் பாஸ்வேர்டுகள் திறக்காது. எக்செல்லுக்கும் டேலிக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா அவரோட சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கம்ப்யூட்டரை செட்டப் பண்ணியிருந்தா, பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க் பூட்டு) சாவி அவர்கிட்ட போயிருக்கலாம். அப்போ நல்லவிதமாப் பேசி வாங்குறதுதான் வழி. டேலிவால்ட் (டேலி கணக்குகளைப் பூட்டி வைக்கிற வசதி) பாஸ்வேர்டு தொலைஞ்சா டேலி கம்பெனிக்காரங்களாலயே மீட்க முடியாது. அதை மட்டும் காகிதத்துல எழுதி, உறை ஒட்டி, உங்க பெட்டியில வையுங்க.

சுரண்டை, பருத்திக் கடை: ஜிஎஸ்டி ஓடிபி என் போனுக்குத்தான் வருது. நான் வேலையை விடப்போறேன்.

ஜிஎஸ்டி தளத்துல ‘நான்-கோர்’ திருத்தம் போட்டு, முதலாளியை முதன்மை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரா ஆக்கி, அவர் போனையும் ஈமெயிலையும் ஏத்தச் சொல்லுங்க. சரக்கு அனுப்புற இ-வே பில்லுக்கு இனி வர்ற ஆளுக்குத் தனி சப்-யூசர் (துணைக் கணக்கு) போட்டுக்கலாம்.

பாளையங்கோட்டை வாசகர்: முதலாளி பாஸ்வேர்டைக் கேக்கிறதே குற்றம்தானே?

கேக்கிறதைத் தடுக்கத் தனிச்சட்டம் இங்க இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், ஊழியரோட சொந்தக் கணக்கு பாஸ்வேர்டைக் கேக்கக்கூடாதுன்னு 2012-லேயே சட்டம் போட்டுது. நம்ம ஐடி சட்டம் 66சி, அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையில்லாம பயன்படுத்துறதுக்கு 3 வருஷம் வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் சொல்லுது.

அவரே: மறுத்தா வேலை போயிருமே?

மொட்டையா முடியாதுன்னு சொல்லாதீங்க. “ஆபீஸ் ஃபைல் எல்லாம் பொது ஃபோல்டர்ல இருக்கு, அட்மின் அக்கவுண்ட் உங்க பேர்ல தயார், என் சொந்தக் கணக்கு எதுவும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இல்லை”ன்னு ஈமெயில்ல அனுப்புங்க. ஆனா மேல சொன்ன மாதிரி குரோம் புரொஃபைலை அழிச்ச பிறகு அனுப்புங்க.